தவமணி அவித்த கூஸ்கூஸ் புட்டு

செய்தி வந்தபோது நான் பாரிசின் லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, தெரு முழுவதும் சனம். கைபேசியில் தவமணி என்று பெயர் விழுந்தது. எடுத்தவுடனே, "என்ன, பின்னேரம் வாறீரோ?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் பேசியது அவளுடைய மகள் ஆரணி. "அன்ரி, அம்மா காலமை எழும்பேல்லை," என்றாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அதன் பிறகு அழுகைதான். முருங்கைக்காயைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்து, சார்செல் போகும் ரயிலில் ஏறினேன். என்னுடைய மற்றச் சாமான் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

தவமணியை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவளுடைய கையால் ஒரு தடவையாவது சாப்பிடாதவர் உங்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட்டவர்கள்தான் குறைவு. நானும் அவளும் ஒரே வயது. பாரிசில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலையில் ஒன்றாய்ச் சேர்ந்து, ஒன்றாய் முழங்கால் தேய்ந்தவர்கள். அவளுக்கு சார்செலில் வீடு, எனக்கு பியர்ஃபித்தில். வேலை முடிந்தால் லாச்சப்பலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஒரே ரயிலில் போவோம். இத்தனை வருடமும் எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. நான் மினக்கெட்டுச் சமைக்கிறவள். அவள் மினக்கெடாமல் சமைக்கிறவள்.

அந்தச் சண்டை அவள் போன பிறகும் முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் எட்டுச்செலவு என்று ஒரு வழக்கம் உண்டு. போனவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்து இலை போட்டுப் படைத்துவிட்டு, பிறகு எல்லோரும் இருந்து சாப்பிடுவது. ஊரில் என்றால் எட்டாம் நாள். இங்கே தகனத்துக்கே திகதி பார்த்துக் காத்திருக்க வேண்டும், வருகிறவர்களுக்கு லீவும் கிடைக்க வேண்டும். ஆகவே தகனம் முடிந்து வருகிற ஞாயிறு மத்தியானம் என்று வைத்தோம். நாளில் பிரச்சினை இல்லை. இலையில் என்ன போடுவது என்பதில்தான் சண்டை பிடித்தது.

தவமணிக்கு ஒரே ஒரு அக்கா. ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. தகனம் முடிந்து வந்து கதிரையில் இருந்தபடியே அவர் சொல்லத் தொடங்கினார். "வறுத்த மாப் புட்டு. அவளுக்கு அதெண்டால் உயிர். கத்தரிக்காய்ப் பால்கறி. விளைமீன் குழம்பு. மாவை நான் வீட்டிலை வறுத்து சூட்கேசுக்குள்ளை கொண்டு வந்திட்டன்."

ஆரணி சுவரோடு நின்றிருந்தாள். "அம்மா உதொண்டும் சமைக்கிறேல்லை, பெரியம்மா. அம்மாவின்ரை புட்டு கூஸ்கூஸ்."

"கூஸ்கூஸோ? அது அரபு ஆக்களின்ரை சாப்பாடல்லோ? ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து என்ன சமையல் எண்டு கேப்பன். புட்டு அவிச்சனான் அக்கா எண்டுதான் சொல்லுவாள்."

"ஓம். அதுதான் புட்டு."

பெரியக்காவின் முகம் போன விதத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. தங்கச்சி தன்னை இவ்வளவு காலமும் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. "இஞ்சை பார் பிள்ளை, படையல் எண்டால் ஒரு முறை இருக்கு," என்றார். ஆரணி பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் ஓடிவிடும். "நீங்கள் சொல்லுறதைப் படைச்சால் அது அம்மாவுக்கு இல்லை, எனக்குத் தெரியாத யாரோ ஒரு ஆளுக்கு. நான் படைக்க மாட்டேன்" என்பதுதான் அவள் சொன்னதன் சாரம். ஒரே பிள்ளை அவள். அவள் படைக்காவிட்டால் அந்த இலைக்கு முன்னால் யார் நிற்பது?

தவமணியின் கணவர் நாதன் அண்ணை மூலையில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். "சரசுவைக் கேளுங்கோ. அவவுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு மீண்டும் நிலத்தைப் பார்த்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மா வறுத்துச் சமைக்கிறவள் என்பதால் பெரியக்கா என்னைத் தன் பக்கம் என்று நினைத்தார். தாயின் சிநேகிதி என்பதால் ஆரணி தன் பக்கம் என்று நினைத்தாள். நல்ல இடத்தில் கொண்டுவந்து மாட்டினார் மனுசன். ஞாயிற்றுக்கிழமை காலமை வந்து சமைக்கிறேன், அப்போது பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன்.

இரண்டு மூன்று நாள் அவளைத் தவிர வேறு நினைவே இல்லை. எனக்கும் அவளுக்கும் முதல் சண்டையே புட்டில்தான் வந்தது. ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் எங்களுக்குச் சாப்பிட ஒரு மேசை உண்டு. தவமணி தன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே மஞ்சளாய், குறுணியாய், தேங்காய்ப்பூவோடு ஒன்று இருந்தது. "புட்டு, எடும்," என்றாள். நான் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "இது புட்டெண்டால் நான் இந்த ஹோட்டலுக்கு முதலாளி," என்றேன். அவள் கோபிக்கவில்லை. "முதலாளியம்மா, அப்ப சம்பளத்தைக் கூட்டித் தாரும்," என்றாள். கூஸ்கூஸ் ரவை மாதிரி ஒரு கோதுமைக் குறுணி; அதை ஒரு கோப்பையில் போட்டு, உப்புப் போட்ட கொதிநீரை அளவாய் ஊற்றி மூடிவிட வேண்டும். அது பொருமியதும் முள்ளுக்கரண்டியால் உதிர்த்து, குளிர்ப்பெட்டியில் உறையவைத்து விற்கிற தேங்காய்ப்பூவைக் கலந்து, புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியில் ஒரு ஆவி காட்டி இறக்க வேண்டும். அவ்வளவுதான். வறுவல் இல்லை, அரிதட்டு இல்லை, சுண்டுப் பேணியால் மாவைக் கொத்துகிற வேலை இல்லை. "பிள்ளை பசிக்குது எண்டால் அரை மணித்தியாலம்தான் எங்களுக்கு, சரசு. அதுக்குப் பிறகு பிஸ்கற் பெட்டியைத் திறந்திடுவாள். நீர் மா வறுத்து முடியப் பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சிடும்," என்றாள். இன்றைக்கும் சொல்கிறேன், அது புட்டில்லை. ஆனால் அன்று அந்த டப்பாவில் பாதியை நான்தான் தின்றேன்.

அவளுடைய குசினி அலுமாரியையும் குளிர்ப்பெட்டியையும் திறந்து பார்த்தால் ஊர்ப் பெண்கள் மயங்கி விழுவார்கள். வெட்டி உறையவைத்த வெங்காயம், கட்டி கட்டியாய்க் கீரை, ரின்னில் அடைத்த மீன், ரின் கடலை, ரின் தேங்காய்ப்பால். லாச்சப்பலில் நான் கீரைக்கட்டை அவிழ்த்து இலை இலையாய்ப் பார்க்கும்போது அவள் பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவாள். சுப்பர்மார்க்கெற்றில் உருட்டி வைத்து விற்கிறார்களே, அடுக்கு அடுக்காய்ப் பொரியும் மா, அதை விரித்துத் தேத்தண்ணிக் கோப்பையால் வட்டம் வெட்டி, உள்ளே ரின் மீனும் கிழங்கும் வைத்து மடித்து, முட்டை பூசி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் பற்றிஸ். நேற்றைய பகெத் பாண் காய்ந்துபோனால் அதை ஊறவைத்து அப்பமாவுக்குள் போட்டு அரைப்பாள். அந்த அப்பத்தின் நடுவில் வருகிற மெத்தென்ற பகுதி எனக்கு இன்றுவரை வந்ததில்லை. இதை அவள் உயிரோடிருக்கும்போது நான் சொல்லவில்லை. சொன்னால் தலைக்குமேல் ஏறியிருப்பாள்.

கேக்கிலும் அதே கதை. தராசு கிடையாது, அளவுக் கோப்பை கிடையாது. கடையில் விற்கிற சின்னத் தயிர்க் கோப்பை ஒன்றைத் திறந்து தயிரைக் கொட்டுவாள். பிறகு அதே கோப்பையால் சீனி இரண்டு, வறுத்த ரவை மூன்று, எண்ணெய் அரை. முட்டை, ஏலக்காய், கொஞ்சம் பன்னீர், மேலே கஜு. பிரெஞ்சுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதல்முதலாய்ப் பழகுகிற கேக் அது. கோதுமை மாவுக்குப் பதில் ரவையைப் போட்டு அதை நம் வீட்டுக் கேக் ஆக்கினது தவமணியின் கெட்டித்தனம். வருசப்பிறப்புக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு, "இப்பிடி ரவைக் கேக் ஊரிலைதான் சாப்பிட்டது" என்று கண் கலங்கினவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தயிர்க் கோப்பைக் கேக். இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரிவந்தது என்று எழுதினால் அவளே சிரிப்பாள். தமிழ்ப் பள்ளியின் வாணி விழாவுக்குக் கடலை வடை செய்து தருகிறேன் என்று ஒருமுறை பொறுப்பெடுத்தாள். பருப்பு ஊறவைக்க யார் மினக்கெடுவது என்று ரின் கடலையை உடைத்து மசித்துத் தட்டி எண்ணெயில் போட்டாள். போட்டது எண்ணெயோடு எண்ணெயாய்க் கரைந்து போய்விட்டது. எனக்கோ உள்ளூர ஒரே சந்தோசம். "பாத்தீரோ" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் அடுப்பை அணைத்துவிட்டு மீதிக் கடலையைத் தேங்காய்ச் சொட்டு, கடுகு, செத்தல் மிளகாயோடு தாளித்து, கடதாசிக் கோப்பைகளில் நிரப்பத் தொடங்கிவிட்டாள். விழாவில் பள்ளி அதிபர் வந்து, "தவமணியக்கா, வடை எங்கை?" என்று கேட்டார். "வடைக்கு விசா கிடைக்கேல்லை, தம்பி. சுண்டல் வந்திருக்கு," என்றாள். அடுத்த வருடம் அவர்களாகவே சுண்டல்தான் கேட்டார்கள்.

ஒரு மாரிப் பனியில் நான் வழுக்கி விழுந்து கை முறிந்து கட்டோடு வீட்டில் கிடந்தேன். வேலை முடிந்த கையோடு பியர்ஃபித்துக்கு வந்துவிடுவாள். என் குசினியில் என் பாத்திரங்களைத் திட்டியபடி சமைப்பாள். சமையல் முடிந்ததும் இரண்டு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்து, தானும் இருந்துவிடுவாள். நான் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் கழுவுதொட்டியோடு நின்றபடி சாப்பிட்டே பழகினவள். "நிண்டு சாப்பிடுறதுக்கு நாங்கள் என்ன மாடோ? இரும்," என்று அதட்டுவாள். நானென்றால் அடுப்போடு நிற்கிற இரண்டு மணி நேரத்தை அவள் கதைத்தே முடிப்பாள். தன் கதை முழுவதையும் அப்போதுதான் எனக்குச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலமை சார்செலுக்குப் போய்க் குசினிக்குள் நுழைந்தபோதும் என்னிடம் முடிவு இல்லை. முதலில் கூஸ்கூஸை ஒரு கை பார்ப்போம் என்று தொடங்கினேன். அவள் செய்ததை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் கை கேட்டால்தானே? கூஸ்கூஸைக் கண்டதும் என் கை அதை அரிசிமா என்று நினைத்துக்கொண்டது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளித்துப் பிசைந்து, சுண்டால் கொத்தி, மாப்புட்டுக்கு வைக்கிற அளவுக்கு அவியவும் விட்டுவிட்டேன். நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தால் ஒரே கட்டி. கரண்டியை நட்டால் நிமிர்ந்து நின்றது. ஆரணி எட்டிப் பார்த்தாள். "அன்ரி, உதாலை சுவருக்குப் பூசலாம்," என்றாள். அந்தக் கிழமை முழுவதும் அழுது வீங்கியிருந்த முகத்தில் முதல்தரம் சிரிப்பு வந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பெரியக்கா வந்தார். கட்டியைப் பார்த்தார். "உதையோ என்ரை தங்கச்சி தின்னவள்?" என்று கேட்டார். குரலில் நக்கல் இல்லை. அழப் போகிறவரின் குரல் அது. நான் கையைத் துடைத்துக்கொண்டு அவரைக் கதிரையில் இருத்தினேன்.

"அக்கா, அவளும் நாதன் அண்ணையும் பிரான்சுக்கு வந்த புதிசிலை அடுப்பில்லாத அறை ஒண்டிலைதான் இருந்தவை. சமைக்க விடமாட்டினம். தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் ஒண்டு மட்டும்தான். ஆரணி அப்ப வயித்துக்குள்ளை. அவளுக்கு உங்கடை வீட்டுப் புட்டு ஆசை வந்திட்டுது. ராப்பகலா அதே நினைவாம். பக்கத்து அறையிலை ஒரு அல்ஜீரியாக்காரி. அவதான் கூஸ்கூஸ் ஒரு பை குடுத்து, சுடுதண்ணி ஊத்தி மூடி வைச்சால் போதும் எண்டு காட்டினவ. தவமணி அதுக்குள்ளை பக்கற்றுத் தேங்காய்ப்பூவைப் போட்டுக் கையாலை பிசைஞ்சு சாப்பிட்டவளாம். சாப்பிட்டு முடியுமட்டும் அழுதவளாம். 'நீர் என்னத்தையும் சொல்லும் சரசு, அண்டைக்கு நான் சாப்பிட்டது புட்டுத்தான்' எண்டு எனக்குச் சொன்னவள்."

நாதன் அண்ணை குசினி வாசலில் நின்றிருந்தார். "ஓம். கேத்தில்தான் இருந்தது," என்றார்.

ஆரணிக்கு இந்தக் கதை தெரியாது. தாய் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பெரியக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அந்த நேரம் எனக்கு ரெலிபோன் எடுத்தவள். இண்டைக்குப் புட்டுச் சாப்பிட்டனான் அக்கா எண்டு சொன்னவள். நான் நினைச்சன், நல்ல வசதியா இருக்கினமாக்கும் எண்டு," என்றார். அதன் பிறகு அக்காவும் தங்கச்சியும் நேரில் கண்டது ஒரே ஒரு தரம், ரொறொன்ரோவில் ஒரு கலியாணத்தில். அங்கே சாப்பாடு மண்டபத்துச் சாப்பாடு. தங்கச்சி சமைத்ததை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் மாப்புட்டுக்குச் சண்டை பிடித்த ஒரு சின்னப் பெட்டைதான். அந்தப் பெட்டைக்குத்தான் அவர் ரொறொன்ரோவிலிருந்து மாவைச் சுமந்து வந்திருந்தார்.

"எப்பிடிச் செய்யிறதெண்டு காட்டு, பிள்ளை," என்றார் பெரியக்கா. ஆரணி கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். கோப்பையில் கூஸ்கூஸ், அதன்மேல் கொதிநீர், அதன்மேல் மூடி. பெரியக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். மூடியைத் திறந்து முள்ளுக்கரண்டியால் உதிர்த்தபோது பொலபொலவென்று பிரிந்து வந்தது. ரின் மீன் குழம்பு, கட்டிக் கீரை, பற்றிஸ், தயிர்க் கோப்பைக் கேக் எல்லாம் ஆரணியே செய்தாள். நானும் பெரியக்காவும் எடுபிடி. மத்தியானத்துக்கு வெகு முன்னமே சமையல் முடிந்துவிட்டது. செய்ய வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். சூட்கேசுக்குள் இருந்த மாவைப் பெரியக்கா வெளியே எடுத்து, திரும்பக் கொண்டு போகவோ என்று யோசித்தார். "இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ பெரியம்மா. அடுத்தமுறை வரேக்கை எனக்கு அவிச்சுக் காட்டுங்கோ," என்றாள் ஆரணி. தமிழில்தான் சொன்னாள்.

இலை போட்டு ஆரணிதான் படைத்தாள். கற்பூரம் அணைந்ததும் எல்லோரும் இருந்தோம். பெரியக்கா பரிமாற நின்றார். ஆரணி அவரையும் பிடித்து இருத்திவிட்டாள். பெரியக்கா கூஸ்கூஸ் புட்டில் ஒரு வாய் எடுத்து வைத்தார். நாங்கள் எல்லோரும் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம்தரம் போட்டுக் கொடுத்தபோது அதையும் சாப்பிட்டார்.

பெரியக்கா ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். நான் இன்னமும் மா வறுத்துத்தான் புட்டு அவிக்கிறேன், அதில் யாரும் என்னை மாற்ற முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சிக்கு எடுத்த ரெலிபோனை அவர் இப்போது எனக்கு எடுக்கிறார். ஹோட்டலில் என்ன நடந்தது, ரயிலில் என்ன கதைத்தோம், வடை எப்படிக் கரைந்தது என்று ஒவ்வொன்றாய்க் கேட்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சொல்கிறேன். தவமணியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான். அவளுடைய அக்கா பார்க்காத அத்தனை வருடமும் என்னிடம் பத்திரமாய் இருக்கிறது. போன கிழமை எல்லாக் கதையும் முடிந்த பிறகு பெரியக்கா கேட்டார்: "அவள் அங்கை சந்தோசமா இருந்தவளோ, சரசு?"

"ஓம் அக்கா, இருந்தவள்," என்றேன். "நான் பக்கத்திலை இருந்து பாத்தனான்."